நோட்டில் எழுத்து இல்லையென்று டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்களே, பள்ளிக்கூட வாசலில் நின்று நாம் பேசும் பேச்சு கொஞ்சமும் நியாயமாக இல்லை. “நாள் முழுக்க அட்டை வைத்து விளையாடிவிட்டு வருகிறான், நோட்டில் ஒரு வரி காணோம்” என்று டீச்சரிடம் பாய்கிறோம். இரண்டு பேர் போய்க் கத்தினால் போதும், அட்டைகள் பீரோவுக்குள் போய்விடும். கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதி நோட்டும் நிறைந்துவிடும். பிள்ளைக்குப் படிக்க வந்துவிட்டதா?

பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் உங்கள் பிள்ளையிடம், பக்கத்தின் நடுவே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து “இது என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிப்பார்கள். இந்த மனப்பாடத்தைத்தான் வாசிப்பு என்று நம்பிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் 247 எழுத்து என்று நாமே பயமுறுத்தி வைக்கிறோம். உயிர் 12, மெய் 18, அவை சேரும்போது வரும் குறிகள் பிடிபட்டால் உயிர்மெய் 216-இல் பெரும்பாலானவை தாமே வந்துவிடும். உகர, ஊகார வரிசைதான் ஆளுக்கொரு வடிவமெடுத்துப் படுத்தும். பிள்ளை அதிகம் தடுமாறுவது கொம்பில். ‘கே’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கோ’வில் ககரத்துக்கு இரண்டு பக்கமும் குறி. இதை நூறு முறை எழுத வைத்தாலும் கைதான் வலிக்கும். கொம்பு, கால், ‘க’, ‘ல்’ என்று தனித்தனி அட்டையாகக் கொடுத்தால், ‘கல்’ ‘கால்’ ஆவதையும் ‘கோல்’ ஆவதையும் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்க்கும். பாண்டிக் கட்டத்தில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, டீச்சர் சொல்லும் சொல்லுக்குத் தாவச் சொன்னால் ஒப்பித்துத் தப்பிக்க வழியே கிடையாது.

இது நேற்று முளைத்த கூத்தும் அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அட்டைகளோடு தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநிலம் முழுதும் பரவியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்து வந்தபோது, 2022-இல் அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஆட்டம், பாட்டு, பொம்மலாட்டத்தைத்தான் நம்பியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லித்தரவும் சொன்னது.

எல்லா விளையாட்டும் பாடமாகிவிடாது என்பது உண்மைதான். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பதில் சொல்ல, மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தால் அது வீண்பொழுது. அதைக் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். “என் பிள்ளைக்கு முறை வந்ததா? எந்த எழுத்தில் தடுமாறுகிறது?” என்று கேட்டால் எந்த நல்ல டீச்சரும் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

வீட்டில் பழைய காலண்டர் அட்டை கிடக்கும். அதை வெட்டி எழுத்து எழுதிக்கொண்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, இன்று ராத்திரி பத்து நிமிஷம் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள்.