கேமரன் மலையில் பைக் ஓட்டுகிறீர்களா? 'லைன்' போனாலும் கைகொடுக்கும் செயலிகள் எவை?

சிம்பாங் பூலாயில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கம்போங் ராஜாவுக்குக் கிளம்புகிறீர்கள். ஹேண்டில்பாரில் கைப்பேசி, அதில் வேஸ் வழி சொல்லிக்கொண்டு வருகிறது. முதல் சில கிலோமீட்டருக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மலை ஏற ஏற வளைவுகள் கூடுகின்றன. குளிர் விரல்களில் ஏறுகிறது. திரையின் மூலையில் இருந்த சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. அடுத்த வளைவைத் தாண்டியதும் 'லைன்' இல்லை.

அந்த இடத்தில் டயர் பஞ்சரானால்? மழையில் வழுக்கி விழுந்தால்? யாரிடம், எப்படிச் சொல்வது?

பைக் ஓட்டுபவர்களுக்கான 'டாப் 10' செயலிப் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். ஆனால் அவற்றில் பல, இணையம் எப்போதும் இருக்கும் நகரச் சாலையை நம்பி எழுதப்பட்டவை. மலைச் சாலையில் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. இணையம் இல்லாதபோது, திரையைத் தொடக் கை இல்லாதபோது, எந்தச் செயலி வேலை செய்யும்?

இந்தச் சாலையில் அப்படி என்ன சிக்கல்?

கேமரன் மலைக்கு நெடுங்காலமாக இருந்த பாதை, தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் 59-ஆம் எண் கூட்டரசு சாலை. ஈப்போ பக்கமிருந்து வருபவர்கள் இப்போது அதிகம் பயன்படுத்துவது 185-ஆம் எண் சாலை. சிம்பாங் பூலாயில் தொடங்கும் இது கம்போங் ராஜாவைத் தொட்டு, லோஜிங் வழியாகக் குவா மூசாங் வரை போகிறது. தாப்பா சாலையைவிட இது அகலமானது. வேகமும் அதிகம், ஆபத்தும் அதோடு சேர்ந்தே வருகிறது.

2010 டிசம்பரில் தாய்லாந்து சுற்றுப்பயணிகளை ஏற்றிச் சென்ற பேருந்து இந்தச் சாலையில் கவிழ்ந்ததில் 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான்கு சக்கர வாகனத்துக்கே இந்த நிலை என்றால், இரண்டு சக்கரத்தில் போகிறவரின் பாதுகாப்பு எவ்வளவு குறைவு என்று சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் ஆண்டுதோறும் சாலை விபத்துகளில் சுமார் 6,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

கம்போங் ராஜா பகுதியில் இன்னொரு குழப்பமும் உண்டு. இது பகாங், பேராக், கிளந்தான் ஆகிய மூன்று மாநிலங்கள் நெருங்கி வரும் இடம். ஒரு மணி நேரத்துக்குள் மூன்றிலும் ஓட்டிவிடலாம். விழுந்து கிடப்பவர் 999-ஐ அழைத்து "கேமரன் ரோட்டுல இருக்கேன்" என்று மட்டும் சொன்னால், எந்த மாவட்டத்திலிருந்து ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்பதே தெளிவாகாது. கேமரன் மலையின் அரசு மருத்துவமனையான சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ளது. கம்போங் ராஜாவிலிருந்து அங்கே போகவே சுமார் 20 கிலோமீட்டர், அதுவும் திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங் நெரிசலைத் தாண்டி. இடத்தைச் சரியாகச் சொல்லாததால் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் இங்கே விலை அதிகம்.

சிக்னல் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். பலருக்கு இது தெரிவதில்லை. ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சிக்னலைக் கைப்பேசி நேரடியாகப் பிடிப்பது. அதற்கு டேட்டாவோ கோபுரமோ தேவையில்லை. இணையம் இருந்தால் முதல்முறை இடத்தைக் கண்டுபிடிப்பது விரைவாக நடக்கும், அவ்வளவுதான். செங்குத்தான மலைச்சுவரை ஒட்டி நின்றால் வானம் மறைவதால் கொஞ்சம் பிசகலாம்.

அப்படியானால் லைன் போனதும் வரைபடம் ஏன் வெறுமையாகிறது? நீங்கள் நிற்கும் இடம் கைப்பேசிக்குத் தெரியும். அந்த இடத்தின் படம்தான் அதனிடம் இல்லை. அந்தப் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வதுதான் தீர்வு.

கூகுள் மேப்ஸ்: உங்கள் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்' பகுதிக்குப் போனால், ஈப்போ முதல் தானா ராத்தா வரை ஒரு கட்டம் போட்டு முழுவதையும் சேமிக்கலாம். லைன் இல்லாதபோது சாலை நெரிசல் விவரம் வராது. ஆனால் வழி காட்டும். சேமித்த படத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

ஆர்கானிக் மேப்ஸ்: தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் இலவசச் செயலி. முழுக்க ஆஃப்லைனுக்காகவே உருவானது. தோட்டத்துக்குள் போகும் சிறு பாதைகளைத் தேடுபவர்கள் கூகுளோடு இதையும் வைத்துக்கொள்ளலாம்.

வேஸ்: மலேசியர்களின் செல்லப்பிள்ளை. நெரிசல், விபத்து, சாலைத் தடை பற்றிய செய்திகளை மற்ற ஓட்டுநர்களிடமிருந்தே வாங்கித் தருவதுதான் இதன் பலம். பலவீனமும் அதுவேதான். இணையம் இல்லாமல் புதிய வழியைத் தேடித் தராது. கிளம்பும்போதே வழியை ஏற்றிக்கொண்டால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வாகன வகையில் 'மோட்டார் சைக்கிள்' என்று மாற்றிவிட மறக்காதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஈப்போவில் வேஸ், மலையில் ஆஃப்லைன் மேப்.

மழையையும் மண்சரிவையும் செயலி முன்கூட்டியே சொல்லுமா?

மழையைப் பற்றி ஓரளவு சொல்லும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மை சுவாச்சா' செயலியில் முன்னறிவிப்பும் எச்சரிக்கைகளும் கிடைக்கும். இதில் இரண்டு வகை எச்சரிக்கைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடிமழை எச்சரிக்கை என்பது அடுத்த சில மணி நேரத்துக்கானது. தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் வரும். கேமரன் மலையில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மழை கூடுதல். மாலையில்தான் இடிமழை அதிகம் என்பதால், காலையிலேயே ஏறிவிடுவது எந்தச் செயலியும் தராத பாதுகாப்பு.

மண்சரிவின் கதை வேறு. 2024 ஜனவரி 26 அதிகாலையில் கம்போங் ராஜாவின் புளூ வேலி பகுதியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐந்து பேர் உயிரிழந்தனர். எந்தச் சரிவு எந்த நிமிடத்தில் இறங்கும் என்று உங்கள் கைப்பேசியில் சொல்லும் செயலி இன்று இல்லை. தொடர்ந்து பல நாள் மழை பெய்திருந்தால் மண் நீரில் ஊறியிருக்கும், அன்று வெயில் அடித்தாலும்கூட. சாலையில் புதிதாகச் செம்மண், சரிவிலிருந்து கலங்கலாக வழியும் தண்ணீர், சாய்ந்து நிற்கும் மரங்கள் தெரிந்தால் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். தாண்டிப் போய்விடுங்கள், அல்லது திரும்பிவிடுங்கள்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சரிசெய்வோம். திரையில் உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயர் இல்லை என்றால் 999-க்கும் அழைக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலே அவசர அழைப்பு அதன் வழியாகப் போகும். 'அவசர அழைப்பு மட்டும்' என்று திரையில் வருவதன் பொருள் அதுதான். 112-ஐ அழுத்தினாலும் 999-க்கே போகும். ஆனால் இந்த வசதி வாட்ஸ்அப் அழைப்புக்குக் கிடையாது. ஆகவே விபத்து நடந்தால் வாட்ஸ்அப்பைத் திறக்காதீர்கள், நேராக 999-ஐ அழையுங்கள்.

அடுத்தது இடம். வரைபடத்தில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். லைன் இல்லாமலும் இது கிடைக்கும். அந்த எண்களோடு, கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள், எந்த மாநிலம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தக் கோபுரமும் எட்டவில்லை என்றால், அந்த எண்களைக் காகிதத்தில் எழுதி அவ்வழியாக வரும் காய்கறி லோரி ஓட்டுநரிடம் கொடுங்கள். லைன் கிடைக்கும் இடத்தில் அவர் அழைப்பார். டேட்டா போகாத இடத்தில் சாதாரண எஸ்எம்எஸ் சில நேரம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நனைந்த திரை விரலைச் சரியாக உணராது. அதனால் பொத்தான் வழியாக அவசர அழைப்பு விடுக்கும் வசதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்த வேண்டும். இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டாரின் எண் ஆகியவற்றைக் கைப்பேசியின் அவசரத் தகவல் பகுதியில் பதிந்து வைத்தால், பூட்டிய திரையிலும் மற்றவர்கள் அதைப் பார்க்க முடியும்.

ஐபோன் 14 முதல் வந்த விபத்து கண்டறியும் வசதியை மட்டும் நம்பி இருக்கலாமா? அது கடுமையான கார் விபத்துகளுக்காக வடிவமைக்கப்பட்டது. கப்சாய் வண்டியிலிருந்து வளைவில் சறுக்கி விழுவதை அது உணரும் என்று கணக்குப் போடாதீர்கள். உணர்ந்தாலும், அழைப்பு போகக் கோபுரம் வேண்டுமே.

அதைவிட எளிய காப்பு, வீட்டில் ஒருவர் உங்களுக்காகக் கடிகாரம் பார்ப்பது. வாட்ஸ்அப் 'லைவ் லொகேஷன்' வசதியை 8 மணி நேரம் வரை வைக்கலாம். நடுவில் லைன் போனாலும், கடைசியாக எங்கே, எத்தனை மணிக்கு இருந்தீர்கள் என்பது அவர்களிடம் இருக்கும். "ரெண்டு மணிக்குள்ள போன் வரலன்னா தேடுங்க" என்று அம்மாவிடமோ நண்பரிடமோ சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

லைசன்ஸ், சம்மன், சொக்சோ

ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் ஓட்டுநர் உரிமமும் சாலை வரியும் மின்னியல் வடிவில் இருக்கும். மலேசியக் குடிமக்களின் தனியார் வாகனங்களுக்குச் சாலை வரி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டாயம் 2023 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. பணப்பை நனைந்தாலும் கவலையில்லை. ஆனால் பேட்டரி தீர்ந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பது சட்டப்படி குற்றம். 300 ரிங்கிட் சம்மன் வரலாம், கூடவே கெஜாரா முறையில் குற்றப் புள்ளிகளும் சேரும். கைப்பேசியை ஹேண்டில்பாரில் மாட்டினாலும் ஒரு சிக்கல் உண்டு. சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் பிடிப்பான் வாங்குங்கள். இல்லையென்றால் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்து, வழியைக் குரலில் மட்டும் கேளுங்கள்.

தோட்டத்திலோ காய்கறிப் பண்ணையிலோ ஹோட்டலிலோ வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலையிட விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆனால் எந்த நேரத்தில், எந்த வழியில் போனீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டி வரும். விபத்து நடந்த இடத்தை நேரமும் இருப்பிடமும் பதியும்படி படம் எடுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள். தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அவர் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். இந்த இடத்தில் உங்கள் கைப்பேசிக் கேமராவே மிகப் பயனுள்ள செயலி.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

• ஆஃப்லைன் மேப் இறக்கியாயிற்றா? விமானப் பயன்முறையில் போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள்.

• மை சுவாச்சாவில் இன்றைய எச்சரிக்கை மட்டுமல்ல, கடந்த சில நாட்கள் மழை எப்படி என்பதையும் விசாரியுங்கள்.

• லைவ் லொகேஷன் போட்டாயிற்றா? யார் பார்க்கப்போகிறார்?

• பேட்டரி முழுதாக இருக்கிறதா? பவர் பேங்க், தண்ணீர் புகாத உறை இருக்கிறதா?

• அவசரத் தகவல் பதிந்தாயிற்றா?

இவை எல்லாமே வண்டியைக் கிளப்பும் முன் செய்ய வேண்டியவை. மலை ஏறத் தொடங்கிய பிறகு கைப்பேசியிடம் புதிதாகக் கேட்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. அதன்பின் கண் சாலையில், கை பிரேக்கில். கம்போங் ராஜா போய்ச் சேர்ந்ததும் சூடாக ஒரு டீ சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.