ஸ்டம்பில் ஒரு மைக், சட்டைப்பையில் ஒரு மைக்

2019 ஜனவரி 22, தென்னாப்பிரிக்காவின் டர்பன் மைதானம். பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது விக்கெட்டுக்குப் பின்னால் நின்றபடி, எதிரணி பேட்ஸ்மேன் பெலுக்வாயோவைப் பார்த்து உருதுவில் ஏதோ சொல்கிறார். அதில் அவருடைய தோல் நிறத்தை இழுக்கும் ஒரு சொல் இருந்தது. பெலுக்வாயோவுக்கு உருது தெரியாது. ஆனால் ஸ்டம்பில் இருக்கும் மைக்குக்கு எந்த மொழியாக இருந்தால் என்ன? உலகமே கேட்டுவிட்டது. சர்ஃபராஸ் மன்னிப்புக் கேட்டார், நேரில் போய்க் கை குலுக்கினார். இருந்தும் ஐசிசி விடவில்லை. ஐந்தே நாளில் நான்கு ஆட்டங்களுக்குத் தடை!

2020 ஏப்ரல், ஊரடங்குக் காலம். யுவராஜ் சிங்கும் ரோகித் சர்மாவும் இன்ஸ்டாகிராம் நேரலையில் அரட்டை அடிக்கிறார்கள். யுஸ்வேந்திர சாஹல் குடும்பத்தோடு போடும் டிக்டாக் வீடியோக்கள் பற்றிப் பேச்சு வருகிறது. அப்போது யுவராஜ் ஒரு சொல்லைச் சொல்லிக் கேலி செய்கிறார். அது துப்புரவு வேலையில் தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்ட ஒரு தலித் சாதியின் பெயர். ஜூன் மாதம் அந்தத் துண்டு வீடியோ பரவி எதிர்ப்பு கிளம்பிய பிறகு, யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாக ட்விட்டரில் எழுதினார். 2021 பிப்ரவரியில் ஹரியானாவின் ஹான்சியில் போலீஸ் வழக்குப் பதிந்தது. அக்டோபரில் முறைப்படி கைது, உடனே ஜாமீன்.

மைதானத்தில் ஒருவர் பிறப்பை இழிவாகப் பேசினால் ஐந்து நாளில் தீர்ப்பு. அதையே போனைப் பார்த்துப் பேசினால் பதினெட்டு மாதம் கழித்து போலீஸ் ஸ்டேஷன். இடையில் விளையாட்டு உலகம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. இங்கேதான் கோளாறு.

விளையாட்டு வீரர் சமூக வலைத்தளத்தில் இழிவாகப் பேசினால் விளைவைச் சந்திக்க வேண்டுமா? வேண்டும். ஆனால் அந்த விளைவு மைதானத்தில் இருப்பதைப் போல முன்பே எழுதி வைத்த விதிப்படி வர வேண்டும். கூட்டம் போடும் கூச்சலைப் பார்த்தும் வரக் கூடாது, புண்பட்டவர் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்த்தும் வரக் கூடாது.

"அட, சும்மா தமாசுக்குச் சொன்னதுங்க, இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு!" என்பார்கள். அவிநாசி ரோட்டில் எந்த பேக்கரியில் டீ குடித்தாலும் இந்தக் குரல் கேட்கும். சாஹலே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையே என்பது அடுத்த வாதம். ஆனால் அடி விழுந்தது சாஹல் மேல் இல்லை. அந்த அரட்டையிலேயே இல்லாத, அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு காலையில் துடைப்பத்தோடு தெருவுக்கு வரும் லட்சக்கணக்கான பேர் மேல். தங்கள் சாதிப் பெயரே இன்னொருவரைத் திட்டும் சொல்லாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தமிழிலும் இது நடக்கிறது. "அடச் சண்டாளா!" என்று சினிமாவிலும் மேடையிலும் வீட்டிலும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்தக் கூடாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்தது. "தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்பது ஒரு முறை செல்லும். ஆனால் கோடிக்கணக்கான பேர் பின்தொடரும் ஒருவர் சொல்லும்போது, அது தெரியாத இன்னும் பத்தாயிரம் பையன்களுக்குப் பாடமாகிவிடுகிறது.

சாதியும் விளையாட்டும் வேறு வேறு என்று சொல்லவும் முடியாது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சை எழுத பஸ்ஸில் போன ஒரு பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு நட்சத்திர வீரர் வாயிலிருந்து சாதிப் பெயர் வசையாக வந்தால் அதை வெறும் தமாசு என்று தள்ளிவிட முடியுமா?

சரி, இந்தியாவில் விளையாட்டு அமைப்புகள் யாரையுமே தண்டிப்பதில்லையா என்றால், அப்படியும் இல்லை. யுவராஜ் வருத்தம் தெரிவித்த அதே 2020 ஜூனில், கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய ராணுவத்தினர் உயிரிழந்தனர். அப்போது சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் டாக்டர், சவப்பெட்டிகளில் பிஎம் கேர்ஸ் ஸ்டிக்கர் ஒட்டி வருமா என்ற அர்த்தத்தில் ஒரு ட்வீட் போட்டார். உடனே சஸ்பெண்ட். ட்வீட் ரசக்குறைவானது, நிர்வாகத்துக்குத் தெரியாமல் போட்டது என்று அறிவிப்பும் வந்துவிட்டது.

அவர் எழுதியது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். துக்கத்தில் இருந்த குடும்பங்களுக்கு அது வலித்திருக்கும். ஆனால் பாருங்கள், ஒரே மாதத்தில் இரண்டு சம்பவம். அரசைச் சீண்டிய டாக்டருக்கு வேலை போகிறது. துப்புரவுத் தொழிலாளர்களைச் சீண்டிய நட்சத்திரத்துக்கு ஒரு ட்வீட்டோடு முடிகிறது. யுவராஜ் 2019ல் ஓய்வு பெற்றுவிட்டார், வாரியம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். எதிர்முனையில் இருந்த ரோகித் அப்போது ஒருநாள் அணியின் துணைக் கேப்டன் ஆயிற்றே? அவரைத் தண்டிக்க வேண்டியதில்லை. "எங்கள் வீரர்கள் இப்படிப் பேசுவதை ஏற்க மாட்டோம்" என்று வாரியம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

விதி இல்லாமல் தண்டித்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2019 ஜனவரியில் ஹர்திக் பாண்டியாவும் கே.எல்.ராகுலும் கலந்துகொண்ட "காஃபி வித் கரண்" டிவி நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பெண்களைப் பற்றிய பேச்சு நாடு முழுக்க நாறியது. ஆஸ்திரேலியாவில் இருந்து இருவரையும் திருப்பி அனுப்பினார்கள். முதலில் சஸ்பெண்ட், பிறகுதான் யார் விசாரிப்பது என்ற கேள்வியே வந்தது. விசாரிக்க ஆம்பட்ஸ்மேன் இல்லை, அதனால் இரண்டு வாரத்தில் தடை நீக்கம். ஏப்ரலில் ஆம்பட்ஸ்மேன் டி.கே.ஜெயின் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார். பணியில் உயிரிழந்த 10 துணை ராணுவக் காவலர்களின் குடும்பங்களுக்குத் தலா 1 லட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு 10 லட்சம். நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் புண்பட்டது பெண்கள் அல்லவா? தவறுக்கும் பரிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது.

இனி மறுபக்கத்தின் நியாயங்களையும் பார்க்கலாம்.

முதல் வாதம், கருத்துச் சுதந்திரம். இது லேசான வாதம் இல்லை. சமூக வலைத்தளப் பதிவுகளுக்காகப் பிடித்து உள்ளே தள்ளப் பயன்பட்ட 66ஏ சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது சரியான தீர்ப்பு. ஆனால் ஜெயிலும் ஆட்டத் தடையும் ஒன்றல்ல. ஆளுங்கட்சியைத் திட்டவும், வாரியத்தையே விமர்சிக்கவும் வீரருக்கு முழு உரிமை வேண்டும். அது மேலே இருப்பவரை நோக்கிய பேச்சு. பிறப்பால், உடலால், பாலினத்தால் கீழே தள்ளப்பட்டவரை இழிவுபடுத்துவது வேறு. விதி எழுதும்போது இந்தக் கோட்டைத்தான் முதலில் போட வேண்டும். இல்லாவிட்டால் அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் காவல் காக்கும் விதியாகிவிடும்.

இரண்டாவது, பழைய குப்பையைக் கிளறுவது. 2021 ஜூன் 2ம் தேதி இங்கிலாந்தின் ஆலி ராபின்சன் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடினார். அதே நாளில், பதின்ம வயதில் 2012, 2013ல் அவர் போட்ட இனவெறி, பெண் வெறுப்பு ட்வீட்கள் வெளியே வந்தன. உடனே சஸ்பெண்ட். அது அதிகப்படி என்று அந்த நாட்டு மந்திரியே சொன்னார். ஆனால் பிறகு ஒழுங்கு ஆணையம் நிதானமாக விசாரித்து 8 ஆட்டத் தடை விதித்தது. அதில் 5 ஆட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன, மீதி மூன்றை ஏற்கனவே கழித்துவிட்டார். கூடவே 3,200 பவுண்டு அபராதம். ஆகஸ்டில் லீட்ஸில் அதே ராபின்சன் இந்தியாவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். தண்டனை அவர் வாழ்க்கையைக் கெடுக்கவில்லை. இந்தியாவின் இன்னிங்ஸைத்தான் அவர் கெடுத்தார்! வயதையும் காலத்தையும் கணக்கில் எடுத்த, முடிவு தேதி உள்ள தண்டனை இப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது, மொழி. மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடிய உருகுவே வீரர் கவானி, நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் ஸ்பானிஷில் நன்றி சொன்னார். "கறுப்பா" என்று செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. 3 ஆட்டத் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம்! உருகுவேயின் மொழி அகாடமியே கண்டித்தது. கொங்குப் பக்கம் கருப்புசாமி குலசாமி. பேரனைக் "கருப்பா" என்று கூப்பிடும் பாட்டியை யாராவது இனவெறி என்பார்களா? ஆகவே விசாரிக்கும் குழுவில் அந்த மொழியும் மண்ணும் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

அப்படியானால் விதி எப்படி இருக்கலாம்? புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. 2016 செப்டம்பர் முதல் ஐசிசியில் டீமெரிட் புள்ளி முறை இருக்கிறது. தவறின் அளவுக்கு ஏற்பப் புள்ளி. 24 மாதத்தில் நான்கு சேர்ந்தால் தடை. அதற்குள் நான்கு சேராவிட்டால் புள்ளி அழிந்துவிடும். இதையே போனுக்கும் நீட்டலாம். ஓய்வு பெற்றவர்களை என்ன செய்வது? அவர்களும் வர்ணனை, பயிற்சி, லெஜண்ட்ஸ் போட்டி என்று ஒப்பந்தம் போட்டுத்தான் சம்பாதிக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமா?

ஏன் இது முக்கியம் என்றால், 2024 ஜூலையில் லெஜண்ட்ஸ் கோப்பையை வென்ற கையோடு யுவராஜ், ஹர்பஜன், "சின்ன தல" ரெய்னா மூவரும் நொண்டி நொண்டி நடந்து ஒரு ரீல்ஸ் போட்டார்கள். உடம்பு வலிக்கிறது என்று காட்டத்தானாம். மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்வதாக டெல்லி போலீஸில் புகார் போனது. சிஎஸ்கேவில் ஆடியபோது தமிழில் ட்வீட் போட்டு அசத்தியவர் ஹர்பஜன். வார்த்தையின் பலம் தெரிந்தவர். மன்னிப்புக் கேட்டார். அதோடு சரி. மறுபடியும் மன்னிப்பு அல்லது போலீஸ், நடுவில் எதுவும் இல்லை!

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் வலது கால் ஐந்து வயதில் பஸ் ஏறி நசுங்கியது. அந்தக் காலோடு 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அந்த மூவரும் ஒரு மாதம் பாரா விளையாட்டு வீரர்களின் பயிற்சி முகாமில் வேலை செய்திருந்தால், அது எந்த அபராதத்தையும் விடப் பொருத்தமாக இருந்திருக்கும். புண்பட்டவரிடம் போய்ச் சரி செய்வதுதான் பரிகாரம்.

பெரிய வீரர்களோடு இது முடிவதில்லை. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கோப்பை கூடைப்பந்து நடக்கும்போது எதிராளியை இழிவாகப் பேசினால் டெக்னிகல் ஃபவுல். இரண்டு ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டியதுதான். அதை யாரும் கருத்துச் சுதந்திரம் பறிபோனதாகச் சொல்வதில்லை. அதே பேச்சு ஆட்டம் முடிந்த ராத்திரி கல்லூரி டீமின் வாட்ஸ்அப் குழுவில் வந்தால் மட்டும் சிரிப்பு ஸ்மைலி போடுகிறார்கள். ஒவ்வொரு கல்லூரி அணியும் ஜெர்சி கொடுக்கும் நாளிலேயே, மைதானத்துக்கு வெளியே எது ஃபவுல் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். செலவு ஒரு ஜெராக்ஸ் காசு.