விலக்கு வேண்டா, வாய்ப்பு வேண்டும்

சொல் மாறினால் சிந்தனையும் மாறும் என்பது மொழி பயில்வோர் அறிந்த உண்மை. 'ஊனமுற்றோர்' என்று நாம் நெடுங்காலம் வழங்கிய சொல் இன்று 'மாற்றுத்திறனாளிகள்' என மாறியிருக்கிறது. சட்டமும் மாறியிருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கருத்திற்கொண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ இருபத்தொரு வகைகளை ஏற்றது. சொல் மாறியது, சட்டம் மாறியது, நம் விளையாட்டுத் திடல் மாறியதா? இவ்வினாவையே இக்கட்டுரை எழுப்ப விரும்புகிறது.

பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளை வந்ததும் கால் இயங்காத பிள்ளையும் கண் தெரியாத பிள்ளையும் மர நிழலில் அமர்த்தப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். ஓடியாடும் பிள்ளைகளின் பைகளுக்குக் காவல் இருப்பதே அவர்களுக்கு வாய்த்த விளையாட்டு. இதற்கு 'விலக்கு அளித்தல்' என்று பெயர். அது கனிவோடு அளிக்கப்படுவதுதான். எனினும் விளைவில் அது விலக்கி வைத்தலே ஆகும். ஆசிரியரைக் குறை கூறுவது எளிது. ஆனால், அப்பிள்ளையை எவ்வாறு ஆடச் செய்வது என்று அவருக்கு எவர் கற்பித்தார்? ஆகவே குறையின் வேர் பள்ளியில் இல்லை. ஆசிரியரை உருவாக்கும் உயர்கல்வியில் இருக்கிறது.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, விளையாட்டுப் பாடத்திட்டங்களையும் நிகழ்ச்சிகளையும் மாற்றுத்திறனாளிகள் பங்குகொள்ளும் வகையில் திருத்தியமைக்க வேண்டும் என்கிறது. பாடத்திட்டத்தில் ஓர் அலகைச் சேர்த்துவிட்டால் இக்கடமை நிறைவேறிவிடுமா? வகைகளை மனனம் செய்து, விடைத்தாளில் எழுதி, மதிப்பெண் பெற்று வெளியேறும் மாணவர், ஒரு சக்கர நாற்காலியைக்கூடத் தள்ளிப் பாராமலே ஆசிரியராகிவிட இயலும். நீச்சலை நூலில் படித்தவர் ஆற்றில் இறங்கியதைப் போன்றதே அவர் நிலை.

இப்பாடம் உண்மையில் எதைக் கற்பிக்க வேண்டும்? முதலாவது, ஆட்டத்தை ஆளுக்கேற்ப மாற்றும் கலை. பந்துக்குள் மணியை வைத்தால் பார்வையற்றவர் ஆடுவர். வலையைத் தாழ்த்தினால் அமர்ந்தபடியே கைப்பந்து ஆடலாம். சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இருமுறை தரையில் எழும்ப விதி இடம் தருகிறது; அந்த ஒரு மாற்றம் ஓர் ஆட்டத்தையே திறந்துவிடுகிறது. நம் சடுகுடுவில் பாடி வருபவரின் குரல் பார்வையற்ற பிடிவீரருக்கு வழிகாட்டி ஆகாதா? பல்லாங்குழியும் தாயமும் விரல்களுக்குப் பயிற்சி ஆகாவா? இவற்றை ஆய்ந்து பார்க்கும் பொறுப்பு நம் மாணவர்க்கே உரியது.

இரண்டாவது, உடலைப் பற்றிய நுண்ணறிவு. தண்டுவடம் உயரத்தில் பாதிக்கப்பட்டவருக்கு அவ்விடத்திற்குக் கீழே வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. சித்திரை வெயிலில் அவர் உடல் விரைவில் கொதிப்படையும். டவுன் நோய்க்குறி உடையோர் சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் ஆய்ந்து சொல்லாமல் அவர்களைக் குட்டிக்கரணம் அடிக்கச் செய்தல் தீங்கு. தசைச் சிதைவு நோயருக்கு அளவு கடந்த பயிற்சியே கேடாகும். இவற்றை அறியாத ஆர்வம் ஆபத்து. அறிந்த பின்னும் அஞ்சி ஒதுங்குவது அநீதி.

"இத்தகையோர் சிலர்தாமே, அவர்களுக்கெனத் தனிப்பாடம் எதற்கு?" என வினவுவோர் உளர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மட்டும் அவர்கள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, மாற்றுத்திறனாளிகளான பெரியவர்களுக்கும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. இருந்த இடத்திலேயே இருப்பவருக்கு உடற்பருமனும் நீரிழிவும் குறைபாட்டின் மேல் வந்து சேரும் கூடுதல் சுமைகள்.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், சக்கர நாற்காலியில் இருந்த பதினாறு பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். மருத்துவமாகத் தொடங்கிய அது 1960இல் ரோம் நகரில் உலகப் போட்டியாக மலர்ந்தது. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2024இல் பாரிசில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா இராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகியோர் வெண்கலமும் இறகுப்பந்தில் பெற்றனர். இவர்களைப் பாராட்டி மேடை அமைக்கிறோம், நன்று. ஆயினும் பதக்கம் பெறாத பல்லாயிரவர்க்கு ஒரு மாலை நேர ஆட்டமாவது வாய்க்கிறதா என்பதே கல்வியின் அளவுகோல்.

நம் தென்சென்னைப் புறநகர் இவ்வகையில் பேறு பெற்றது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. காட்டாங்குளத்தூரிலோ இயன்முறை மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. உடற்பயிற்சி அறிந்தோரும், உடற்குறை அறிந்தோரும், உடலைத் தேற்ற அறிந்தோரும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றனர். இம்மூவர் மாணவரும் வாரம் ஒரு நாள் ஒரே திடலில் கூடினால் இந்நாட்டிற்கே முன்மாதிரியான வகுப்பு ஒன்று இங்கே உருவாகும்.

அவ்வகுப்பிற்கு மூன்று நெறிகளை முன்வைக்கலாம். மதிப்பெண்ணில் சரிபாதி களப்பணிக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவம் முழுவதும் ஒரு மாற்றுத்திறனாளியோடு இணைந்து பயில வேண்டும். அடுத்து, மாற்றுத்திறனாளிகளையே உரிய ஊதியத்துடன் ஆசிரியராக அமர்த்த வேண்டும். தம் உடலின் இயல்பை அவரினும் நன்கறிந்தார் எவர்? மூன்றாவதாக, "உங்களால் எது இயலாது?" என்று தொடங்காமல், "நீங்கள் எதை விளையாட விரும்புகிறீர்கள்?" என்று தொடங்குதல் வேண்டும்.

தமிழ் மரபில் இரட்டைப் புலவர்கள் என்போர் உளர். ஒருவர் நடக்க இயலாதவர், மற்றவர் பார்வையற்றவர். பார்வையற்றவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பது வழிவழிச் செய்தி. இன்று பார்வையற்ற ஓட்டவீரரும் வழிகாட்டியும் ஒரே கயிற்றைப் பற்றி ஓடுவதும் அத்தகையதே. அங்கே இழுப்பவர் இல்லை, இழுபடுபவர் இல்லை. இருவர் அடியும் ஒன்றாகவே விழ வேண்டும். இப்பாடத்தின் சாரமும் அதுவே.

மாணவர் இப்பணியில் ஈடுபட வேண்டும். பேராசிரியர் அதற்குப் பாடத்திட்டத்தில் இடம் தேட வேண்டும். கல்விக்கூடங்களுக்குக் கட்டடம் எழுப்பித் தரும் சமுதாயப் பெரியோர், அடுத்த கட்டடத்தோடு திடலுக்கு ஒரு சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் அமைத்துத் தரலாம். விலக்கு அளிப்பதற்கு ஒரு கையொப்பம் போதும். வாய்ப்பளிப்பதற்கோ அறிவும் உழைப்பும் வேண்டும். அவ்விரண்டையும் தருவதற்காகவே கல்லூரிகள் இருக்கின்றன.