விற்ற பொருளில் கை வைக்கலாமா?

2010 ஏப்ரல் 1ஆம் தேதி, பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கு 3.21 என்ற அப்டேட்டை சோனி வெளியிட்டது. வழக்கமாக அப்டேட் என்றால் ஏதாவது புதிதாகக் கிடைக்கும். இது இருந்ததை எடுத்துக்கொள்ள வந்தது. அந்தக் கருவியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தும் வசதி அன்றோடு பறிபோனது.

அது யாரோ பூட்டை உடைத்து உண்டாக்கிய வசதி அல்ல. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 கடைக்கு வந்தபோதே அதன் மெனுவில் 'அதர் ஓஎஸ்' என்ற பெயரில் சோனியே வைத்துக் கொடுத்தது. ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கி யெல்லோ டாக் லினக்ஸை ஏற்றினால் போதும், விளையாட்டுப் பெட்டி கணினியாகிவிடும். அதில் 256 எம்பி நினைவகம்தான் இருந்தது. கிராபிக்ஸ் சிப்பை லினக்ஸ் தொட முடியாதபடி தடுப்பும் இருந்தது. ஆனால் சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய செல் ப்ராசஸர் கணக்குப் போடுவதில் அசுர வேகம் கொண்டது. தொடக்கத்தில் சோனி நட்டத்துக்கு விற்றதால், அவ்வளவு திறன் அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் டார்ட்மத் பல்கலைக்கழக இயற்பியலாளர் கௌரவ் கன்னா, 2007இல் பிளேஸ்டேஷன்களை ஒன்றாக இணைத்துக் கருந்துளைகள் எழுப்பும் ஈர்ப்பலைகளைக் கணக்கிடத் தொடங்கினார். சில கருவிகளை சோனியே நன்கொடையாகத் தந்தது. 2008இல் ஒரு சர்வதேச ஆய்வுக் குழு, சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த சுமார் 200 பிளேஸ்டேஷன்களைக் கொண்டு ஒரு போலி இணையப் பாதுகாப்புச் சான்றிதழை உருவாக்கிக் காட்டியது. எம்டி5 என்ற பழைய முறையை இனி நம்பக் கூடாது என்று அதன்மூலம் எச்சரித்தது. நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரிலுள்ள அமெரிக்க விமானப்படை ஆய்வகமோ 1,760 பிளேஸ்டேஷன்களைக் கோத்து 'காண்டோர்' என்ற சூப்பர் கணினியையே கட்டியது. செலவு சுமார் 20 லட்சம் டாலர். இதே திறனை வழக்கமான வழியில் பெறப் பல மடங்கு செலவாகியிருக்கும்.

சோனி சொன்ன காரணம், பாதுகாப்பு. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர், லினக்ஸ் வழியாகவே கருவியின் உள்காவலைத் துளைத்துவிட்டதாக அறிவித்தார். திருட்டு விளையாட்டுகள் பெருகும் என்ற அச்சம் நியாயமானதுதான். 2009இல் வந்த மெலிந்த மாடலில் இந்த வசதியை வைக்காமல் விட்டதையும் குறை சொல்ல முடியாது. வாங்குகிறவர் தெரிந்தே வாங்கினார்.

காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் இருக்கும் கருவியில் கை வைத்ததுதான் தவறு. அப்டேட் கட்டாயம் இல்லை என்றது சோனி. ஆனால் அதைப் போடாதவர்கள் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் நுழைய முடியாது. ஆன்லைனில் விளையாட முடியாது. அந்த அப்டேட்டை எதிர்பார்க்கும் புது விளையாட்டுகளும் ஓடாது. லினக்ஸ், விளையாட்டு என வாங்கிய இரண்டில் ஒன்றைத் தானே கொன்றுகொள்ளச் சொல்வதை விருப்பத் தேர்வு என்று ஏற்க முடியாது. வீட்டை விற்றவர் நான்கு வருடம் கழித்து வந்து, மாடி அறை வேண்டுமா, சமையலறை வேண்டுமா என்று கேட்டால் யார் பொறுப்பார்கள்?

பறித்ததால் பாதுகாப்பாவது கூடியதா என்றால், அதுவும் இல்லை. அதே 2010 டிசம்பரில், பெர்லினில் நடந்த மாநாட்டில் 'ஃபெயில்ஓவர்ஃப்ளோ' குழு கருவியின் பாதுகாப்பு அடியோடு சரிந்துவிட்டதைக் காட்டியது. டிஜிட்டல் கையெழுத்திடும்போது ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய எண்ணை சோனி மாற்றாமலே பயன்படுத்தியிருந்தது. அதை வைத்து ரகசியச் சாவியையே கணக்கிட முடிந்தது. லினக்ஸுக்கு வழி திறந்திருந்த காலத்தில் திறமைசாலிகளுக்குப் பூட்டை உடைக்கத் தேவையே இருக்கவில்லை என்பது அக்குழுவின் வாதம். மூன்று வருடத்துக்கு மேல் அந்தக் கருவி உடைபடாமல் இருந்ததைப் பார்த்தால், அதில் உண்மை இருக்கிறது.

வசதியை நீக்கியதற்காக சோனி மீது அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு எட்டு ஆண்டுகள் இழுத்து, 2018இல் 37.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆளுக்கு அதிகபட்சம் 65 டாலர். வசதி திரும்பவில்லை.

இன்று டிவி, போன், கார் எல்லாமே அப்டேட் வாங்குகின்றன. விற்கும்போது சொன்ன வசதியைப் பின்னால் நீக்கும் நிறுவனம், வாங்கியவர் கேட்டால் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். நுகர்வோர் சட்டங்களில் இதை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும்.