புள்ளியைத் தின்னும் பொறி



குற்றம் ஓரிடத்திருக்க, ஒறுப்பு வேறோரிடத்திற் சென்று விழுவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அறிவியல் நூல்கள் தமிழில் எழுதப்படவில்லையெனின், எழுதாதவரைக் கேளாது தமிழுக்குச் சொல்வளம் இல்லை என்றனர். இற்றை நாளில் அதே பழி இணையத்தின் வழியாக வந்து நிற்கிறது. தமிழில் அமைந்த வலைத்தளம் ஒன்று, வீட்டுக் கணினியில் நன்கு ஓடி, முகில் வழங்கியில் ஏற்றப்பட்டதும் நின்றுபோனால், "தமிழ் எழுத்தை எடுத்துவிடுங்கள், ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று அறிவுரை கூறுவோர் பலர். அவ்வாறு எடுத்துவிட்டால் சில வேளை தளம் ஓடவும் செய்கிறது. அதனாலேயே அவ்வறிவுரை மெய்போலத் தோன்றுகிறது. கால் வலிக்கிறது என்று வந்தவனின் காலை வெட்டினால் வலி நின்றுவிடும். அது மருத்துவம் ஆகுமா?

பிழை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பிழையைத் திருத்துக, தமிழைத் திருத்தற்க. இதுவே நாம் வலியுறுத்துவது. இதனை வெற்று உணர்ச்சியாகச் சொல்லவில்லை. சான்று காட்டியே சொல்கிறோம்.

பைத்தன் என்பது நெதர்லாந்து நாட்டில் உருவாகி 1991-இல் வெளிவந்த நிரல்மொழி. அதனைக் கொண்டு வலைத்தளம் கட்டுவார்க்குச் சட்டகமாய் உதவுவனவற்றுள் ஒன்று சாங்கோ. அது அமெரிக்க நாட்டுக் கான்சாசு மாநிலத்து இலாரன்சு நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-இல் தொடங்கப்பெற்று, 2005-இல் பொதுவில் விடப்பட்டது. இரண்டும் விலையின்றிக் கிடைப்பன. உள்ளே என்ன எழுதப்பட்டுள்ளது என்று எவரும் திறந்து பார்க்கலாம். முகில் வழங்கி என்பது பிறரிடத்துக் குடிக்கூலிக்கு எடுக்கும் கணினி. 2007-இல் தொடங்கப்பெற்ற எரோக்கு அவ்வகையில் நன்கு அறியப்பட்டது. வீட்டில் ஓடியது அங்கே ஏன் நிற்கிறது? வீட்டில் நாம் சொல்லாமலே அமைந்திருந்தவை பல, அங்கே சொன்னாலன்றி அமைவதில்லை. கரணியம் பெரும்பாலும் இவ்வளவே.

தளம் நின்றதும் முதலிற் பார்க்க வேண்டியது எது பேசுகிறது என்பதை. எரோக்குவில் 503 என்னும் எண் தோன்றினால், பெரும்பாலும் பேசுவது நம் நிரலன்று. நிரலைத் தாங்கும் முகில்தளம் பேசுகிறது. 500 தோன்றினால், நிரல் எழுந்து ஓடி நடுவில் இடறியிருக்கிறது. 400 தோன்றினால், சாங்கோவின் அமைப்பில் இசைவு பெற்ற தளப்பெயர்ப் பட்டியலில் நம் தளப்பெயர் விடுபட்டிருக்கக் கூடும். எரோக்கு தன் பதிவேட்டில் இன்னும் நுணுக்கமாகச் சொல்லும். 'எச்-10' என்றால் நிரல் விழுந்துவிட்டது. 'எச்-12' என்றால் 30 நொடிக்குள் விடை வரவில்லை. 'ஆர்-10' என்றால், ஒதுக்கித் தந்த வாயிலெண்ணில் 60 நொடிக்குள் நிரல் வந்து நிற்கவில்லை. பயனர் ஏற்றிய படங்கள் மறுநாள் காணாமற் போனால், அங்குள்ள கோப்பிடம் நிலையானதன்று என்று பொருள். நாளுக்கு ஒருமுறையேனும் பொறி மீளத் தொடங்கும். தொடங்கும்போது அவை துடைக்கப்படும். இவற்றுள் எதிலேனும் தமிழுக்குப் பங்கு உண்டா? ஒன்றிலும் இல்லை. இருந்தும் பழி தமிழின் மேல் விழுகிறது.

பிழைப்பதிவு ஆங்கிலத்தில் நீளமாக வருகிறதென்று நம் இளைஞர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டா. பைத்தன் தரும் பிழைப்பதிவைப் படிக்கும் முறை தமிழர்க்கு இயல்பானது. தமிழ்த் தொடரில் பயனிலை இறுதியில் நிற்கிறது. எத்துணை நீண்ட தொடராயினும் முடிக்குஞ் சொல்லைக் கண்டபின்பே பொருள் விளங்கும். பைத்தனின் பதிவும் அத்தகையதே. என்ன நேர்ந்தது என்பது இறுதி வரியில் இருக்கும். எங்கே நேர்ந்தது என்பது அதற்கு மேல் வரிகளில் இருக்கும். ஆதலால் இறுதி வரியை முதலிற் படித்து, அங்கிருந்து மேனோக்கிச் சென்று, நாமே எழுதிய கோப்பின் பெயர் முதற்கண் வருமிடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இனி, தமிழெழுத்து மெய்யாகவே தொடர்புறும் இடங்களுக்கு வருவோம்.

முதலாவது குறியாக்கம். ஒருங்குறியில் 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக எழுதப்படும். அவற்றுள் முதற்பைட்டு எப்பொழுதும் 224. மொழிச்சூழல் குறிக்கப்படாத வழங்கியில், பழைய பைத்தன் பதிப்புகள் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே உரிய ஆசுக்கி முறையைக் கைக்கொள்ளும். அம்முறை 128-க்குட்பட்ட எண்களையே அறியும். ஆதலால் தமிழ்க்கோப்பின் முதற்பைட்டைக் கண்டதுமே "224-ஐப் படிக்க இயலவில்லை" என்று நின்றுவிடும். நிரல் முழுதும் சரியாய் இருந்து, பதிவேட்டில் ஒரு தமிழ்ச்சொல்லை எழுதப் புகும் வரியே நிரலை வீழ்த்துவதும் உண்டு. 2018-இல் வெளிவந்த 3.7-ஆம் பதிப்பிலிருந்து, அத்தகைய சூழலிற் பைத்தன் தானாகவே யு.டி.எஃப்.-8 முறைக்கு மாறிக்கொள்ளும். எனினும், கோப்பைத் திறக்கும் ஒவ்வோரிடத்திலும் குறியாக்கம் இன்னதென்று வெளிப்பட எழுதிவிடுதலே நன்று. ஒரு சொல்லில் தீரும் இச்சிக்கலுக்காகத் தமிழ்த்தளங்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றுவது தகுமா?

இரண்டாவது தரவுத்தளம். மை எசு.கியூ.எல். என்னும் தரவுத்தளம் 2018-இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்புவரை, வேறு குறிக்காவிடின் மேலை ஐரோப்பிய எழுத்துமுறையையே கொண்டது. அதில் தமிழை இட்டால், ஒன்று ஏற்க மறுக்கும்; அன்றேல் குறிக்கொரு வினாக்குறியாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். மறுப்பது நல்லது, பிழை வெளிப்படும். சேர்த்துக்கொள்வதே தீது. வினாக்குறியாய் மாறியதை எக்கருவியாலும் மீட்க இயலாது. பழைய தரவுத்தளங்களை வைத்திருக்கும் தமிழ் அமைப்புகள், முதலில் படியெடுத்து வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை இன்றே பார்த்தல் வேண்டும்.

மூன்றாவதே நம் நெஞ்சைச் சுடுவது. பைத்தனிடம் 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்து, "இஃது எழுத்துகளால் ஆனதா?" என்று கேளுங்கள். "அன்று" என்று விடை வரும்! த, ம, ழ ஆகிய மூன்றும் அதற்கு எழுத்து. இகரக் குறியும் புள்ளியும் அதற்கு எழுத்தல்ல. 'சொல்லுக்குரிய குறி' என்று பைத்தனின் தேடுமுறை வகுத்துள்ள தொகுதியிலும் அவை இரண்டிற்கும் இடமில்லை. இத்தனைக்கும் 2008 திசம்பரில் வந்த 3.0 பதிப்பு முதல், அதே பைத்தனில் 'தமிழ்' என்பதை ஒரு மாறியின் பெயராக எழுதலாம். பெயராகலாம்; எழுத்தாகாது! ஒரே மொழிக்குள் இரண்டு நயன்மை.

இதன் விளைவைப் பாருங்கள். கட்டுரைத் தலைப்பிலிருந்து வலைமுகவரிக்குரிய சொல்லை ஆக்கித் தரும் கருவி சாங்கோவில் உண்டு. அதனை இயல்பாக விட்டால், ஆங்கிலமல்லாத அனைத்தையும் நீக்கி வெறுமையைத் தரும். வெறுமையைக் கொண்டு முகவரி கட்ட இயலாமல் தளம் 500 என்று விழும். பிறமொழி எழுத்துகளையும் ஏற்கும் தெரிவு 2015-இல் வந்த 1.9 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதனைக் கொண்டால் 'தமிழ்' என்பது 'தமழ' என்றாகிறது. காடு, கூடு, கேடு, கோடு, கொடி, கடை ஆகிய ஆறும் 'கட' என்னும் ஒன்றாகின்றன. முகவரிச் சொல் ஒன்றுபோல் மற்றொன்று இருத்தலாகாது என்று தரவுத்தளத்தில் வரையறுத்திருந்தால், காட்டைப் பற்றிய கட்டுரை ஏறிய பின்பு கூட்டைப் பற்றிய கட்டுரை ஏறாது. நிரலர் திகைப்பார், "தமிழ் ஒத்துவரவில்லை" என்பார். ஒத்துவராதது தமிழன்று, குறில், நெடில், புள்ளி ஆகியவற்றைக் கழித்துவிட்டு எஞ்சியதைத் தமிழென்று கருதும் நெறியே ஒத்துவராதது.

இதனினும் கொடியது பயனர்பெயர். ஒரு மாணவன் தன் பெயரை 'முருகன்' என்று தமிழில் இட்டுப் பதிய முயன்றால், சாங்கோவின் இயல்பான ஆய்வுநெறி அதனை மறுத்து, எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே வரலாம் என்று கூறும். தன் பெயர் எழுத்துகளால் ஆனதன்று என்று ஒரு பொறி தமிழ்ப்பிள்ளைக்குச் சொல்கிறது! துணைக்குறியும் புள்ளியும் இல்லாத பெயராயின் நுழையலாம். அத்தகைய தமிழ்ப்பெயர் எத்தனை? அப்பிள்ளை என் செய்வான்? ஆங்கில எழுத்தில் இடுவான். ஒருமுறை இட்டவன் பின்பு எங்கும் அவ்வாறே இடுவான். மொழி இழப்பு இவ்வாறுதான் ஓசையின்றி நிகழ்கிறது.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று வரையறுத்தவர் தொல்காப்பியர். ஓலை கிழியும் என்று அஞ்சி ஏடெழுதியோர் புள்ளி இடாது விட்டனர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. அதனால் நேர்ந்த மயக்கங்களைத் தீர்த்து நூல்களை மீட்கச் சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் வாழ்நாளையே செலவிட்டனர். ஓலை கிழியும் என்ற அச்சமாவது அவ்வேட்டாளர்க்கு இருந்தது. இற்றைப் பொறிக்குக் கிழியும் ஓலை ஏது? அஃது ஏன் புள்ளியைத் தின்ன வேண்டும்?

ஒருங்குறியே பிழையானது, 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தந்திருந்தால் இந்நிலை வந்திராது என்பர் நம்மவர் சிலர். அக்குறைபாடு மெய்யே. தமிழ்நாட்டரசும் 2010-இல் ஒருங்குறியோடு, அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது. எனினும் உலகத்து வலைத்தளங்கள் ஒருங்குறியிலேயே ஓடுகின்றன. நாளை வரவேண்டிய நன்மைக்காகப் போராடுவோம். அதுவரை இன்று விழும் தளத்தை விழவிட்டிருக்க இயலாது. மாற்று எளிதே. எழுத்தாய்வு நெறியில் 2944 முதல் 3071 வரையுள்ள குறிகளை வெளிப்படையாகச் சேர்த்தல் வேண்டும். முகவரிச் சொல்லும் பயனர்பெயரும் நாமே வகுத்த நெறியால் ஆயப்பெறல் வேண்டும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் பொறிக்கு அவை வேறாதலால், ஒப்பிடுமுன் ஒருவடிவாக்குதல் வேண்டும். 'தமிழ்' என்பதைப் பைத்தன் ஐந்து என்று எண்ணும், நமக்கோ மூன்று. எழுத்தாக எண்ணித் தரும் 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரற்றொகுப்பு விலையின்றிக் கிடைக்கிறது. பைத்தனைக் கொண்டே 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியும் ஆக்கப்பட்டுள்ளது. ஆகவே இயலாது என்பார் கூற்று பொய்.

பைத்தனை ஆக்கியோர் நமக்குப் பகைவரல்லர். நம் எழுத்தை அறியாதவர், அவ்வளவே. அறியாதார்க்கு அறிவிக்க வேண்டியவர் யார்? கணினி என்றும் வழங்கி என்றும் முகில் என்றும் அழகிய சொற்களைப் படைத்தோம், நன்று. சொல்லைப் படைத்ததோடு நம் தொண்டு முடிந்துவிட்டதா? பொறிக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டு, அப்பொறிக்குள் தமிழின் புள்ளி அழிவதைப் பாராதிருப்பது என்ன தமிழ்த்தொண்டு?

ஆதலின் தமிழாசிரியர்க்கும் தமிழ் நிரலர்க்கும் ஒரு வேண்டுகோள். இருவரும் ஒருங்கே அமர்க. குறில், நெடில், புள்ளி, ஆய்தம், ஒகர ஓகாரம் அனைத்தும் விரவிய நூறு சொற்களை ஆசிரியர் தொகுத்துத் தருக. எந்தத் தளத்தையும் முகிலில் ஏற்றுமுன் நிரலர் அந்நூறு சொற்களையும் அதில் இட்டு ஆய்க. பிழை கண்டால் தமிழை நீக்காது, பிழையின் இடத்தைக் கண்டு திருத்துக. திருத்தியதை ஆக்கியோர்க்கும் எழுதி அறிவிக்க. திறந்த நிரலாதலின் அவ்வாயில் எவர்க்கும் உண்டு.

முருகன் என்று எழுதும் பிள்ளையை முருகன் என்றே ஏற்கும் தளங்களைக் கட்டுவோம். புள்ளி சிறிது; அது போயின் மெய் போயிற்று.