கல்லூரிக்குள் கட்சி வரட்டும், கணக்கோடு

மதுராந்தகம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் காலை ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். வழிநெடுகச் சுவர்களில் கட்சிகளின் மாணவர் அணிகள் பளிச்சென்று தெரிகின்றன. கல்லூரி கேட்டைத் தாண்டியதும் அரசியலுக்கு இடமில்லை. அரசியலில் ஈடுபட மாட்டேன் என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் சேர்க்கையின்போதே எழுதி வாங்கும் கல்லூரிகளும் உண்டு. 18 வயது நிரம்பிய அதே மாணவர் மதுராந்தகம் தொகுதியில் ஓட்டுப் போடலாம்; யாருக்கு, ஏன் என்று கல்லூரி மரத்தடியில் நான்கு பேரைக் கூட்டிப் பேசினால் குற்றம்.

கட்சிக் கிளை கல்லூரிக்குள் வெளிப்படையாக இயங்க அனுமதிக்க வேண்டும். ஆனால் அதன் நோக்கம் என்ன என்பதை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அனுமதி தர வேண்டும்.

இந்த மாநிலத்தின் அரசியலே விடுதி அறைகளில் உருண்டு திரண்டதுதான். 1943-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் குடிநீருக்கு இரண்டு பானைகள் இருந்தன. ஒன்று பிராமண மாணவர்களுக்கு, மற்றது மீதிப் பேருக்கு. அந்தப் பானைகளை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்கள்தான் திராவிட மாணவர் கழகத்தைத் தொடங்கினார்கள். நீதிக்கட்சி சேலத்தில் கூடித் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது அதற்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில். மாணவர் அமைப்பு முந்திக்கொண்டது; கட்சி பின்னால் வந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், 1967-ல் விருதுநகரில் காமராஜரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்தார்.

மாணவர் எழுச்சியில் ஏறி ஆட்சிக்கு வந்தவர்களுக்கும் அது பிறகு கசந்தது. 1971-ல் முதல்வர் கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தபோது மாணவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. உதயகுமார் என்ற மாணவர் உயிரிழந்தார். விசாரணை ஆணையத்தின் முன் மாணவர்கள் தரப்பில் வாதாடிய இளைஞர், பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு.

அன்று தொடங்கி, ஆளுங்கட்சி எதுவானாலும், கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரே மருந்துதான்: கேட்டை மூடு. பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் நின்றுபோய், பேராசிரியர்கள் கைகாட்டுகிறவரே தலைவர் ஆகிறார்.

மூடிய கேட்டுக்குள் அமைதி வந்ததா? 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் கட்டையாலும் கத்தியாலும் ஒருவரையொருவர் தாக்கினார்கள். போலீசார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை டி.வி.க்கள் காட்டின. தேவர் ஜெயந்திக்காக அச்சடித்த விளம்பரத்தில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டார்கள் என்பதில் மூண்ட பகை அது. விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. 2018-ல் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி பட்டறைபெரும்புதூருக்கும் மறு பாதி இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் புதுப்பாக்கத்துக்கும் போனது. கட்டடம் மாறியது. சென்னைக் கல்லூரிகளிலோ 'ரூட்டு தல' (ஒரு பஸ் அல்லது ரயில் தடத்து மாணவர்களின் தலைவர்) பட்டத்துக்காகப் பஸ்ஸிலும் ரயிலிலும் பட்டாக்கத்தி தூக்குவது ஓயவில்லை. நாங்குநேரியில் சாதி வெறியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வெட்டிய கொடுமைக்குப் பிறகு அதே சந்துரு தலைமையில் அமைந்த ஒரு நபர் குழு, 2024-ல் அளித்த அறிக்கையில் பள்ளிப் பிள்ளைகளின் கையில் சாதிக் கயிறு கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கட்சிக்கொடியை வெளியே நிறுத்திவிட்டோம், சாதிக் கயிறு உள்ளே போய்விட்டது.

கட்சிகளும் யோக்கியம் இல்லை. மாநாட்டுக்கு ஆள் சேர்ப்பது, தலைவர் பிறந்தநாளுக்கு பேனர் கட்டுவது, சமூக ஊடகத்தில் எதிர்க்கட்சியைத் திட்டுவது என்பதோடு பல மாணவர் அணிகளின் வேலை முடிந்துவிடுகிறது. கல்லூரியை விட்டு எப்போதோ போனவர்களும் 'மாணவர் அணி' பொறுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோரின் பயத்துக்குக் காரணம் இவர்கள்தான்.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006-லேயே உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளருக்கு 75 சதவீத வருகை, 5,000 ரூபாய்க்கு மேல் செலவு கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேர்தலிலிருந்து கட்சிகளைத் தள்ளிவைக்கவும் சொன்னது. அதில் மட்டும் மாற்றம் தேவை. ஒளிந்து வருகிற கட்சிப் பணத்தைவிட, பெயர் போட்டு வருகிற கட்சியிடம் கணக்குக் கேட்பது எளிது.

கிளைப் பொறுப்பில் அந்தக் கல்லூரி வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே இருக்க வேண்டும். வரவு செலவு மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் வர வேண்டும். நோக்கங்களில் பாதியாவது கேட்டுக்கு உள்ளே உள்ள விஷயமாக இருக்க வேண்டும்: விடுதிச் சாப்பாடு, தாமதமாகும் கல்வி உதவித்தொகை, பெண்கள் கழிப்பறை, மாலையில் கிடைக்காத பஸ். ஆளுங்கட்சியின் கிளையாக இருந்தாலும், உதவித்தொகை வராவிட்டால் தன் அமைச்சருக்கே மனு கொடுக்கிறதா என்று பார்த்து மாணவர்கள் அதை எடைபோடட்டும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏதாவது ஓர் அரசுக் கல்லூரியில் வருகிற கல்வியாண்டில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். அதற்கு முன், தங்கள் மாணவர் அணிப் பொறுப்பாளர்களில் எத்தனை பேர் இன்று மாணவர்கள் என்ற பட்டியலைக் கட்சிகள் வெளியிடட்டும்.