ஆறு கேமரா... ஆறு டைம்!

ஃபேர்வெல் முடிஞ்ச மறுநாள் காலையில உங்க கிளாஸ் குரூப்ல வர்ற முதல் மெசேஜ் என்ன? 'மச்சி, போட்டோஸ் அனுப்புடா!' அதுக்கு வர்ற பதில்? 'ஈவ்னிங் அனுப்புறேன்டா.' அந்த ஈவ்னிங் எப்போ வரும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வராது பாஸ்!

இதை நக்கலா சொல்லலை. நானே அந்த 'ஈவ்னிங் பார்ட்டி'தான். அந்தக் கதையை முதல்ல கேட்டுடுங்க.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. எங்க பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் ஃபேர்வெல். கிளம்பினது ஃபைனல் இயர் பசங்க மட்டும் இல்லை, எங்க லேப் அண்ணனும்தான். அந்த வருஷம் ரிடையர்மென்ட். 31 வருஷ சர்வீஸ். பிராக்டிகல் எக்ஸாம்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னாடி நாம பேந்தப் பேந்த முழிக்கும்போது, டேபிளைத் துடைக்கிற மாதிரி பக்கத்துல வந்து, 'தம்பி, ஸ்லிட்டை இன்னும் கொஞ்சம் குறைங்க'ன்னு காதோட சொல்லிட்டுப் போவாரே, அப்படி ஒரு மனுஷன். உங்க லேப்லயும் ஒருத்தர் இருப்பார்.

அன்னிக்கு மேடையில அவருக்கு சால்வை போட்டாங்க. அவர் வீட்டம்மாவும் வந்திருந்தாங்க. 31 வருஷத்துல அவங்க எங்க காலேஜ் கேட்டுக்குள்ள கால் வச்சது அதுதான் முதல் தடவை.

ஜூன் மாசம் அண்ணன்கிட்ட இருந்து போன். "தம்பி, அன்னிக்கு நானும் வீட்ல அவங்களும் மேடையில நின்னோம்ல... அந்தப் படம் ஒண்ணு வேணும். ஃபிரேம் போட்டு மாட்டணும். கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த படமே வீட்ல இல்லப்பா."

"அதுக்கென்னண்ணே, ஈவ்னிங் அனுப்புறேன்"னேன்.

எவ்வளவு தெனாவட்டு பாருங்க! சும்மா சொல்லலை, நம்பித்தான் சொன்னேன். அன்னிக்கு விழாவுல மொத்தம் ஆறு கேமரா. கடன் வாங்கின கேனான் டி.எஸ்.எல்.ஆர். ரெண்டு. ஒருத்தனோட சித்தப்பா துபாய்ல இருந்து கொண்டு வந்த டிஜிகேம் ஒண்ணு. செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் தன் அக்காகிட்ட சுட்டுட்டு வந்த பாக்கெட் கேமரா ஒண்ணு. பேட்டரி அரை மணி நேரம்கூட தாங்காத பழைய கேமரா ஒண்ணு. ஆறாவது, என் போன். எல்லாத்தையும் என் லேப்டாப்பில் கொட்டி வச்சிருந்தேன். 3,800 படத்துக்கு மேல. இதுல ஒரு சால்வை படம் இருக்காதா என்ன?

இல்லை மக்களே. அன்னிக்கு ராத்திரி 2 மணி வரைக்கும் தேடினேன். ஹெச்.ஓ.டி. பேசுறார், பேசுறார், பேசிக்கிட்டே இருக்கார். அடுத்த படத்துல குத்து டான்ஸ். நடுவுல அண்ணனைக் காணோம். கேனான் பசங்களுக்குப் போன் போட்டா, 'ஃப்ரன்ட்ல போன் வச்சுக்கிட்டு நின்னாங்களே, அவங்க எடுத்திருப்பாங்கடா'ன்னான் ஒருத்தன். போன்காரங்களைக் கேட்டா, 'பெரிய கேமரா வச்சிருக்கிறவன் எடுப்பான்னு நாங்க உட்கார்ந்துட்டோம்.' நான் எங்கே இருந்தேன்னு கேட்கறீங்களா? பிரியாணி பார்சல் எண்ணிக்கிட்டு இருந்தேன். விடுங்க.

படம் இல்லாம இல்லை. இருந்தது. அது இருந்த இடம்தான் எனக்குத் தெரியலை. ஏன் தெரியலைங்கிறதுதான் இந்த வாரம் மேட்டர்.

முதல்ல ஃபைல் பேரு. கேனான் கேமரா எடுக்கிற படம் ஐஎம்ஜி_0457-னு வரும். நிக்கான் டிஎஸ்சி_0457-னு கொடுக்கும். நாலு எழுத்து, நாலு எண், அவ்வளவுதான். ஜப்பானில் 1998-ல் கேமரா கம்பெனிகளுக்காகப் போட்ட பொது விதி அது. எண் 9999 வரைக்கும் போய்ட்டு மறுபடி 0001-க்கு வந்துடும். அப்போ ரெண்டு கேனான் இருந்தா? ரெண்டுலயும் ஒரே பேர்ல, ஆனா வேற வேற படங்கள் இருக்கும். ரெண்டு கார்டையும் ஒரே ஃபோல்டர்ல காப்பி பண்றீங்க. 'இதே பேர்ல ஏற்கெனவே ஃபைல் இருக்கு, மாத்திடவா?'ன்னு கம்ப்யூட்டர் பவ்யமா கேட்கும். தூக்கக் கலக்கத்துல 'ஆமா'ன்னு ஒரு தட்டு... முடிஞ்சது கதை!

நான் தட்டினேன். ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க டான்ஸ்ல பாதி அப்படித்தான் காலி. கார்டை அதுக்குள்ள ஃபார்மேட்டும் பண்ணியாச்சு. அந்த டீம்ல ஒரு பொண்ணு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேசறதில்லை. நியாயம்தான்.

அதனால ஒரு கேமராவுக்கு ஒரு ஃபோல்டர். எடுத்தவன் பேரையே ஃபோல்டருக்கு வச்சிடுங்க. ரெண்டாவதா ஒரு இடத்துல காப்பி எடுக்கிற வரைக்கும் எந்தக் கார்டையும் அழிக்காதீங்க. இதைச் செய்ய பத்து நிமிஷம் போதும். செய்யாம விட்டா என்னை மாதிரி முழிக்கணும்.

அடுத்தது நேரம். இங்கேதான் அண்ணன் மாட்டிக்கிட்டிருந்தார்.

நீங்க க்ளிக் பண்ற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் ஒரு சின்னக் குறிப்பு ஒளிஞ்சிருக்கு. என்ன கேமரா, என்ன செட்டிங், எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை செகண்ட்... எல்லாம் அதுல பதிவாகும். 'எக்ஸிஃப்'னு பேரு. 1995-ல் வந்த சமாச்சாரம். ஆல்பம் சாஃப்ட்வேர் எல்லாம் இதைப் பார்த்துத்தான் படங்களை வரிசைப்படுத்துது. ஆனா ஒண்ணு, கேமரா தன்னோட கடிகாரத்துல என்ன ஓடுதோ அதைத்தான் எழுதும். அது தப்பா இருந்தா குறிப்பும் தப்புதான்.

போன் பிரச்னை இல்லை. நெட்வொர்க்ல இருந்து நேரத்தை வாங்கிக்கும். தனி கேமராக்கள்ல பெரும்பாலானதுக்கு அந்த வசதி கிடையாது, நாமதான் செட் பண்ணணும். யார் பண்றா? எங்க ஆறையும் பாருங்க. துபாய் கேமரா இன்னும் துபாய் நேரத்துலயே ஓடிக்கிட்டிருக்கு. நம்ம ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. குத்துவிளக்கு ஏத்தும்போது என் போன்ல 10:42:15. அதுல 9:12:40. அதாவது, விழா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விளக்கு ஏத்திட்டாங்க! பழைய கேமராவுக்கோ பேட்டரியைக் கழட்டினா ஞாபக மறதி. ஜனவரி 1-ம் தேதிக்கு ஓடிடும். லஞ்ச் டைம்ல சார்ஜ் போடக் கழட்டினாங்க, மறுபடியும் ஜனவரி 1. ஒரே நாள்ல அதுக்கு ரெண்டு நியூ இயர்!

அந்த செகண்ட் இயர் தம்பியோட கேமராதான் பெரிய வில்லன். தேதி கரெக்ட்டு. மணியும் கிட்டத்தட்ட கரெக்ட்டு. என்ன, ஏ.எம்.முக்குப் பதிலா பி.எம். வச்சிருந்தான். காலை 10:42-க்கு ஏத்தின விளக்கு அதுல ராத்திரி 10:45. சரி, 12 மணி நேரம்தானே வித்தியாசம்னு நினைக்கறீங்க. யோசிச்சுப் பாருங்க... நிஜத்துல மத்தியானம் 12 நெருங்கும்போது அந்தக் கேமராவுக்கு நடுராத்திரி. தேதி மாறிடும்! 11:57-க்கே அதுக்கு மார்ச் 16 பொறந்துருச்சு. என் லேப்டாப் சாஃப்ட்வேர் தேதிவாரியா ஃபோல்டர் பிரிக்கிற ஜாதி. அதுக்கு அப்புறம் அவன் எடுத்தது மொத்தமும் 16-ம் தேதி ஃபோல்டருக்குப் போயிடுச்சு. 16-ம் தேதி நாங்க ஸ்டடி லீவுக்கு மூட்டை கட்டி பஸ் ஏறின நாள். ஏதோ பஸ் ஸ்டாண்டு செல்ஃபின்னு நினைச்சு அந்தப் பக்கமே நான் போகலை.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆகஸ்ட் ஆயிடுச்சு. நடுவுல ரெண்டு தடவை அண்ணன் போன் பண்ணார். ரெண்டாவது தடவை நான் எடுக்கலை. என்னத்தைச் சொல்றது?

கடைசியில வழி சொன்னது வேலைக்குச் சேர்ந்த இடத்துல இருந்த ஒரு சீனியர். "எல்லா கேமராவும் எடுத்த ஒரே நிமிஷம் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டார். இருக்கே... குத்துவிளக்கு! முதல் திரி பத்துற அந்த நொடியை அத்தனை பேரும் எடுத்திருந்தோம். நெட்வொர்க் நேரம் காட்டுற போனை 'கரெக்ட் டைம்'னு வச்சுக்கணும். மத்த கேமராவுல அதே நொடியோட படத்தை எடுத்து, எவ்வளவு வித்தியாசம்னு கழிச்சுப் பார்க்கணும். துபாய்க்காரன் 1 மணி 29 நிமிஷம் 35 செகண்ட் பின்னாடி. தம்பி 12 மணி 2 நிமிஷம் 50 செகண்ட் முன்னாடி. அந்தக் கணக்கைச் சொன்னா, ஃபோல்டர்ல இருக்கிற அத்தனை படத்தோட நேரத்தையும் சாஃப்ட்வேர் ஒரே அடியில தள்ளி வச்சிடும். ஒவ்வொண்ணா திருத்த வேண்டாம்.

'டிஜிகேம்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு (கேமரா இல்லை, பேரே அதுதான்), அதுல இந்த வசதி உண்டு. 'லைட்ரூம்' வச்சிருக்கிற பணக்காரங்க அதுலயும் செய்யலாம். கறுப்புத் திரையில கமாண்ட் அடிக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் புலிகளுக்கு 'எக்ஸிஃப்டூல்', அதுவும் இலவசம். எதுல செஞ்சாலும் ஒரிஜினல்ல கை வைக்காதீங்க, காப்பியில செய்யுங்க. நடுவுல பேட்டரி கழட்டின கேமராவுக்கு ஒரு கணக்கு பத்தாது. காலைக்கு விளக்கு, மத்தியானத்துக்கு வேற ஒரு பொது நொடி தேடணும். எங்களுக்கு கேக் வெட்டினது கை கொடுத்தது. வீடியோவும் கொஞ்சம் வம்பு. பல போன்கள் வீடியோவுக்குள்ள கிரீன்விச் நேரத்தை எழுதும். வீடியோ மட்டும் 5 மணி 30 நிமிஷம் தள்ளி நின்னா பதறாதீங்க, காரணம் அதுதான்.

நேரம் சரியானதும் எல்லா ஃபைலுக்கும் ஒரே மாதிரி பேர் வைங்க: வருஷம், மாசம், தேதி, மணி, நிமிஷம், செகண்ட், கடைசியில எடுத்தவன் பேரோட முதல் எழுத்து. அந்த வால் எதுக்குன்னா, ஒரே செகண்ட்ல ரெண்டு பேர் க்ளிக் பண்ணியிருப்பாங்க. இப்போ மொத்தத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டுங்க. ஆறு பேர் எடுத்த படமும் ஒரே ஆள் எடுத்த மாதிரி விழா வரிசையில ஓடும்.

'அட, இப்ப எல்லாம் போன்தானே, ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?'னு கேட்பீங்க. போன் மட்டும்னா நேரம் பிரச்னை இல்லைதான். ஆனா நீங்க படத்தை எங்க வாங்கறீங்க? வாட்ஸ்அப்ல. அது படத்தைச் சுருக்கிடும். கூடவே அந்த எக்ஸிஃப் குறிப்பையும் உருவிடும். ஃபைல் பேர்ல இருக்கிற தேதி, படம் எடுத்த தேதின்னு நம்பாதீங்க. ஹெச்.டி.ன்னு போட்டு அனுப்பினாலும் சுருக்கம் சுருக்கம்தான். 'டாக்குமென்ட்'னு அனுப்பச் சொல்லுங்க, இல்லைன்னா டிரைவ்ல போடச் சொல்லுங்க. பென் டிரைவ் இன்னும் நல்லது. அப்புறம், பீரோவுல தூங்கின பழைய டிஜிகேம் எல்லாம் இப்ப கேம்பஸ்ல மறுபடி ஃபேஷன் ஆகிடுச்சே... அதுல பாதிக்கு உள்ளே இருக்கிற கடிகார பேட்டரி செத்திருக்கும். ஆன் பண்ணதும் தேதியைப் பாருங்க ப்ளீஸ்!

அடுத்த விழாவுக்கு ஒரு சின்ன வேலை. கேமரா வச்சிருக்கிற எல்லாரையும் காலையிலயே கேட்டுக்கிட்ட கூப்பிடுங்க. ஒரு போன்ல செகண்ட் முள்ளோட கடிகாரத்தைக் காட்டி, ஆளுக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. முடிஞ்சது. யார் கடிகாரம் எவ்வளவு தப்பா ஓடினாலும் கணக்கு உங்க கையில. மேடைக்கு முன்னாடி யார், கூட்டத்துக்கு யார்னு அப்பவே பிரிச்சுக்கோங்க. 'யாராவது எடுப்பாங்க'ன்னு விட்டா யாருமே எடுக்க மாட்டாங்க, அனுபவம் பேசுது. சாயந்திரம் ஹாலைப் பூட்டறதுக்கு முன்னாடி எல்லா கார்டையும் ஒருத்தர் வாங்கிக் காப்பி எடுத்துடணும்.

சரி, அண்ணன் படம்? கணக்குப் போட்டுத் தள்ளினதும், 16-ம் தேதி நள்ளிரவு 0:13:40-க்கு இருந்த ஒரு படம் 15-ம் தேதி மத்தியானம் 12:10:50-க்கு வந்து உட்கார்ந்தது. 12:08-க்கு ஹெச்.ஓ.டி. பேச்சு, 12:15-க்கு குத்து டான்ஸ், நடுவுல எங்க லேப் அண்ணன்! கழுத்துல சால்வை, பக்கத்துல அவர் வீட்டம்மா, கையில அந்தப் பூச்செண்டை எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியாம நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. கேனான் பசங்க அந்த ஏழு நிமிஷத்துல எங்கே போனாங்கன்னும் தெரிஞ்சது. ஹாலுக்கு வெளியே குரூப் செல்ஃபியில ரெண்டு பேரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. தம்பி எடுத்தது மொத்தமே ரெண்டு படம். ஒண்ணுல ஹெச்.ஓ.டி.யோட கை அம்மா முகத்தை மறைச்சிடுச்சு. இன்னொண்ணுதான் தேறிச்சு.

பெரிசா பிரின்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, நியூஸ்பேப்பர் சுத்தி, ஒரு ஞாயித்துக்கிழமை டவுன் பஸ்ல எடுத்துக்கிட்டுப் போனேன். போன் எடுக்காததுக்கு ஒரு பொய்யும் தயார் பண்ணி வச்சிருந்தேன். அண்ணன் அதைப் பத்திக் கேட்கவே இல்லை. கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி... நான் கண்ணை மூடிக்கிட்டு இல்ல இருக்கேன்?"

அம்மா எட்டிப் பார்த்தாங்க. "நான் நல்லாத்தான இருக்கேன். மாட்டுங்க"ன்னாங்க.

அண்ணன் ஆணி தேடப் போனார்.